மிச்சமிருந்த பாதித் தீவு

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கடைத்தெருவில் தண்டாயுதபாணி மேட்சிங் சென்டர் வைத்திருந்தார். சேலைக்கு ஏற்ற ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ், நூல்கண்டு, கொக்கி என்று பெண்கள் தேடி வரும் சாமான்களெல்லாம் அந்தச் சின்னக் கடையில் அடங்கியிருந்தன. நாளெல்லாம் நின்றுகொண்டே துணி கிழித்துக் கொடுப்பார். ஆனால் நடக்க மட்டும் அவருக்கு ஆகாது. தெருமுனை டீக்கடைக்குக்கூட டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டுதான் போவார். அப்படிப்பட்ட மனிதர் அறுபது வயதைத் தாண்டிய பிறகு முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு, கண்காணாத தீவு ஒன்றின் கரையோரமாக நாள்கணக்கில் நடந்தார், கூடாரம் போட்டுப் படுத்தார் என்று சொன்னால் அந்தத் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். அவரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவருக்கும் ராஜம்மாளுக்கும் ரஞ்சனி ஒரே மகள். குமாரபாளையத்தில் ஜீவானந்தத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை வேதியியலில் பெரிய படிப்புப் படித்தவர். கல்யாணமான மறுவருடமே கொரியாவில் ஜேஜு என்ற தீவில் அவருக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்தது. ரஞ்சனியும் கூடப் போனாள்.

அந்தத் தீவைச் சுற்றிக் கடலோரமாகவே ஒரு நடைபாதை போகிறது. ஊர்களுக்குள் நுழைந்து, ஆரஞ்சுத் தோட்டங்களைத் தாண்டி, மறுபடியும் கடலுக்கே வந்து சேரும் பாதை. வழி தெரிவதற்காக மரத்திலும் கம்பத்திலும் நீலமும் ஆரஞ்சுமாக ரிப்பன் கட்டியிருப்பார்கள். போன புதிதில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் அழுதுகொண்டிருந்த ரஞ்சனிக்கு அந்தப் பாதை பிடித்துப்போயிற்று. விடுமுறை வந்தால் போதும், புருசனையும் கிளப்பிவிடுவாள். போன தடவை எந்த இடத்தில் நிறுத்தினார்களோ அங்கே பஸ்ஸில் போய் இறங்கி, விட்ட இடத்திலிருந்து நடப்பார்கள். பொழுது சாயும்போது கடற்கரையில் கூடாரம் போட்டுக்கொள்வார்கள். தீவை முழுசாக ஒரு சுற்று சுற்றிவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்துகொண்டே அப்பாவுக்கு வீடியோ கால் போடுவாள். தண்டாயுதபாணி கடையில் நூல் பெட்டிகளின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு துணி கிழித்துக்கொண்டிருப்பார். ஜாக்கெட் துணி வாங்க வந்த பெண்கள்கூட எட்டிப் பார்த்து, ஏனுங்க அது எந்தக் கடல் என்று கேட்பார்கள். அவர் பெருமையாகச் சொல்லுவார்.

பாதித் தீவைக் கடந்திருந்தபோது அவளுக்கு நடக்கும்போதே மூச்சு வாங்க ஆரம்பித்தது. உடம்பில் அங்கங்கே காரணமில்லாமல் கன்றிப்போன தடங்கள் தெரிந்தன. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். சேலத்துக்குக் கூட்டிவந்து வைத்தியம் பார்த்தார்கள். ஜீவானந்தம் வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு மாமனார் வீட்டிலேயே தங்கினார். கஞ்சி காய்ச்சுவதும், வாந்தியைத் துடைப்பதும், தலைமுடி கொட்டிய பிறகு அவள் தலைக்கு மெல்லிய துணியைக் கட்டிவிடுவதும் எல்லாம் அவர்தான். ராஜம்மாள் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்து வந்தாலும், நீங்கள் படுங்கள் அத்தை என்று அனுப்பிவிடுவார். ஒரு மாசி மாதம் ரஞ்சனி போய்ச் சேர்ந்தாள். பிள்ளை குட்டி இல்லை.

காரியமெல்லாம் முடிந்து மாப்பிள்ளை தீவுக்குத் திரும்பிப் போனார். இனி அவருக்கும் நமக்கும் என்ன இருக்கிறது என்று தண்டாயுதபாணி நினைத்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, ரஞ்சனி கூப்பிடும் அதே நேரத்துக்குப் போன் அடித்தது. மாமா, சாப்பிட்டீர்களா என்றார் ஜீவானந்தம். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டார். அதற்கடுத்த ஞாயிறும். பேச விஷயமே இருக்காது. அங்கே காற்று, இங்கே வெயில், கடையில் கூட்டம், அவ்வளவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் தண்டாயுதபாணி அந்த நேரத்துக்குக் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வருவார், ராஜம்மாள் குளித்து, தலை சீவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். வாரம் முழுக்க அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த ஒரு நாளை நம்பித்தான் என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டாம் வருடத் திதி முடிந்த கொஞ்ச நாளில் ஜீவானந்தம் அந்தப் பேச்சை எடுத்தார். ரஞ்சனி நடக்காமல் விட்ட பாதியை நடந்து முடிக்கலாம் என்றிருக்கிறேன், நீங்களும் வருகிறீர்களா மாமா என்று கேட்டார். தண்டாயுதபாணிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ராஜம்மாள் சிரிக்கவில்லை. எனக்கு மூட்டுவலி இல்லையென்றால் நானே போயிருப்பேன், அவள் காலடி படாத இடத்தில் நீங்களாவது காலை வைத்துவிட்டு வாருங்கள் என்றார்.

சேலத்துக்குப் போய் ஷூ வாங்கினார். விடியற்காலையில் எழுந்து ஊருக்கு வெளியே நாமக்கல் ரோட்டில் நடந்து பழகினார். பார்த்தவர்களெல்லாம் சர்க்கரை ஏறிவிட்டதா என்று விசாரித்தார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தார். அதுதான் சுலபமாக இருந்தது.

சித்திரையில் போய் இறங்கினார். தீவெங்கும் கடுகுச் செடிபோல மஞ்சள் பூ பூத்துக் கிடந்தது. எரிமலை கக்கிய கறுப்புக் கல்லை அடுக்கி வயலுக்கு வயல் சுவர் கட்டியிருந்தார்கள். வயலுக்கு நடுவிலேயே சமாதிகளும் இருந்தன. அவற்றைச் சுற்றியும் அதே கறுப்புக் கல் சுவர். பக்கத்திலேயே ஆட்கள் முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ரஞ்சனி எந்த இடத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு இவ்வளவு போதும் என்று சொன்னாளோ, அந்த இடத்துக்கு ஜீவானந்தம் அவரைக் கூட்டிப்போனார். சின்ன மீன்பிடித் துறை அது. கரையில் ஒரு சிமெண்ட் திட்டு. தண்டாயுதபாணி திட்டைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு நடக்க ஆரம்பித்தார்கள்.

முதல் நாள் இருவருக்குமே கூச்சமாக இருந்தது. மாமனாரும் மாப்பிள்ளையும் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரே கட்டிலில்கூடச் சமமாக உட்காரமாட்டார்கள். இங்கே இரண்டு ஆள் படுக்கும் கூடாரத்துக்குள் தோளோடு தோள் இடிக்கப் படுக்க வேண்டியிருந்தது. குறட்டை விட்டுவிடுவோமோ என்ற பயத்திலேயே தண்டாயுதபாணி தூங்காமல் கிடந்தார். காலையில் பார்த்தால் மாப்பிள்ளைக்கும் கண் சிவந்திருந்தது. அவரும் அதே பயத்தில்தான் விழித்துக் கிடந்தாராம். அன்றைக்குத்தான் இருவரும் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அப்புறம் பழகிவிட்டது. சின்ன கேஸ் அடுப்பில் ஜீவானந்தம் சோறு சுட வைப்பார். ராஜம்மாள் கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலைப் போட்டு இருவரும் பிசைந்து தின்பார்கள். பாத்திரத்தைக் கழுவ யார் முந்துவது என்பதில் தினமும் தகராறு. வழியில் ரஞ்சனியைப் பற்றிப் பேச்சு வரும். எதிர்காற்றைத் திட்டிக்கொண்டே நடப்பாளாம். கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் வயதான பெண்கள் கரையேறும்போது, பாஷை தெரியாவிட்டாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர்களோடு தமிழிலேயே பேசுவாளாம். அவர்கள் கொரிய மொழியில் பதில் சொல்வார்களாம். தண்டாயுதபாணிக்குத் தெரியாத மகள் ஒருத்தி அந்தப் பாதையில் இருந்தாள். அவளைப் பற்றிக் கேட்கக் கேட்க அவருக்குத் தீரவில்லை.

ஒருநாள் கால் கொப்புளம் உடைந்து அவரால் அடியெடுத்து வைக்க முடியவில்லை. ஜீவானந்தம் அவரை ஒரு கல் சுவரோரம் உட்கார வைத்து, ஷூவைக் கழற்றி, அவர் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“ஐயோ, வேண்டாமுங்க மாப்ள. காலத் தொடாதீங்க.”

“கம்முனு இருங்க மாமா,” என்று சொல்லிவிட்டு, புண்ணைத் துடைத்து மருந்து போட்டுக் கட்டினார்.

கல்யாணத்தன்று தாம்பாளத்தில் இந்த மாப்பிள்ளையின் கால்களை வைத்துக் கழுவியவர் தண்டாயுதபாணி. இன்று அவர் கால் மாப்பிள்ளையின் மடியில் இருந்தது. பெற்ற மகன் இருந்திருந்தால்கூட இப்படிச் செய்திருப்பானா என்று தோன்றியது. அன்றிலிருந்து நடக்கும்போதெல்லாம் அவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. வீட்டு மாடியில் இரண்டு அறை பூட்டிக் கிடக்கிறது. வெள்ளையடித்தால் புதுசாகிவிடும். இவர் அங்கே வந்து இருக்கட்டும். நல்ல பெண்ணாகப் பார்த்து நாமே கல்யாணம் செய்துவைக்கலாம். பிறக்கும் பிள்ளை ராஜம்மாளைப் பாட்டி முறைக்கு அம்மாயி என்று கூப்பிடாதா என்ன.

கடைசி நாளைக்கு முந்தின நாள் மத்தியானமே நடையை நிறுத்திவிட்டார்கள். வெள்ளை மணல் பரந்த கடற்கரை. ஜீவானந்தம் குனிந்து கல்லால் கூடாரத்தின் முளைகளை அடித்துக்கொண்டிருந்தார். தண்டாயுதபாணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, மனசில் இருந்ததை எடுத்தார்.

“வேலை வருசக் கடைசியோட முடியுதுன்னீங்களே மாப்ள. முடிஞ்சா ஊருக்கே வந்துருங்க. நம்மூட்டு மாடி சும்மாதான் கெடக்குது. சேலத்துல இல்லாத காலேஜா? உங்க அத்தைக்கும் ஒரு தெம்பா இருக்கும்.”

ஜீவானந்தம் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார்.

“மாமா, மொத நாளே சொல்லியிருக்கோணும். அம்மா பொண்ணு பாத்திருக்காங்க. ஆவணியில கல்யாணம்.”

தண்டாயுதபாணி பிடித்திருந்த கயிறு ஒரு நொடி தொய்ந்தது. ஆனால் சமாளித்துக்கொண்டார். நல்ல சமாச்சாரம்தானே, நாங்களே சொல்ல வேண்டும் என்றிருந்தோம் என்றார். அது பொய்யில்லை. பெண் பெயர் என்ன, எந்த ஊர் என்று விசாரித்தார். ஸ்ரீதேவி, பவானிப் பக்கம், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள் என்று ஜீவானந்தம் சொன்னார். முதல் ஆளாக நானும் அத்தையும் வந்து நின்று நடத்திக்கொடுப்போம் என்று இவர் சொன்னபோது, மாப்பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை.

அப்புறம்தான் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பெண் வீட்டில் ஒன்று கேட்டிருக்கிறார்கள். மூத்த தாரத்தின் அப்பா அம்மாவோடு போக்குவரத்து இருந்தால் தங்கள் மகள் கடைசிவரைக்கும் இரண்டாவது ஆளாகவே இருந்துவிடுவாள் என்று அவர்களுக்குப் பயம். ஆகவே போவது, வருவது, போனில் பேசுவது எல்லாவற்றையும் கல்யாணத்துக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். கெட்ட வார்த்தை ஒன்றும் அவர்கள் பேசவில்லை. தன்மையாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

“நீங்க என்ன சொன்னீங்க மாப்ள?”

“சரின்னுட்டேன் மாமா.”

தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்டாயுதபாணி நடந்தார். கடற்கரை ஓரத்தில் ஒரு குழாய் இருந்தது. அதைத் திறந்துவிட்டு நின்றார். பாட்டில் நிரம்பி வழிந்தது. எதற்காக மாப்பிள்ளை தன்னை இவ்வளவு தூரம் வரவழைத்தார் என்பது இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இது ரஞ்சனிக்காக மட்டும் நடந்த நடை இல்லை. உறவை முறித்துக்கொள்ளும் முன்பு, கையில் இருந்ததையெல்லாம் ஒரேயடியாகக் கொடுத்துவிடலாம் என்று மாப்பிள்ளை நினைத்திருக்கிறார். காலுக்கு மருந்து போட்டதுகூட அதில் சேர்த்தியோ என்று நினைத்ததும், காலில் இருந்த அந்தக் கட்டை அங்கேயே அவிழ்த்து எறிந்துவிட வேண்டும்போல ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரமும் நிலைக்கவில்லை. மகளின் வாந்தியைத் துடைத்த கை அது. குழாயடியிலேயே குந்தி உட்கார்ந்து, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதார். ரஞ்சனியைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. அன்றைக்குத் தோளில் சாய்த்துக்கொள்ள ஜீவானந்தம் இருந்தார்.

திரும்பி வந்தபோது சோறு தயாராக இருந்தது. இருவரும் சாப்பிட்டார்கள். அன்றைக்குப் பாத்திரம் கழுவுவதில் தகராறு வரவில்லை. இருட்டும் முன்பே படுத்து, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் காற்று நின்றிருந்தது. பாதை தீவின் கிழக்குக் கரையை நோக்கிப் போயிற்று. அங்கேதான் ரஞ்சனி தன் நடையைத் தொடங்கினாள். அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது கடலுக்குள் நீட்டி நிற்கும் எரிமலைக் குன்று ஒன்று தெரிந்தது. அவள் போனில் காட்டியிருந்த குன்றுதான். தீவு ஒரு சுற்று முடிந்துவிட்டது. ஜீவானந்தம் மூட்டையைக்கூடக் கழற்றாமல் ஒரு கல் சுவரில் கைகளை ஊன்றி, தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். தண்டாயுதபாணி கிட்டே போய் அவர் முதுகில் கை வைத்தார்.

“இனி ஞாயித்துக்கெழமை கூப்பிட வேண்டாமுங்க மாப்ள. கூப்பிட்டாலும் நான் எடுக்கமாட்டேன். கோவத்துல சொல்லலீங்க. அங்க வாக்குக் குடுத்துட்டு, இந்தப் பக்கமும் நீங்க இழுபட வேண்டாம்.”

ஜீவானந்தம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் தலையசைத்து நிறுத்திவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையை வாங்க, போங்க என்று தவிர வேறு மாதிரி பேசியறியாதவர், அப்போது அவர் தலையில் கை வைத்து, “நல்லா இரு சாமி” என்றார். மகளைத்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார்.

ஊருக்கு வந்து ராஜம்மாளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கடலைப் பற்றிச் சொன்னார், மஞ்சள் பூவைப் பற்றிச் சொன்னார், கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்களைப் பற்றிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ராஜம்மாள் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். போன் அடிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை நெருக்கடி என்றார் இவர். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கும் அடுத்த வாரம் ராஜம்மாளே கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றுபோயிற்று. அப்புறம் மறைக்க முடியவில்லை.

ராஜம்மாள் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

“கேட்டவங்க கேட்டாங்க. நீங்க எதுக்கு உட்டுக்குடுத்தீங்க?” என்று கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.  அன்றிலிருந்து தண்டாயுதபாணி ஞாயிற்றுக்கிழமையும் கடையை முழுநாள் திறந்தார். வீட்டில் இருந்தால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

ஆவணி பிறந்தது. கல்யாணத் தேதி எப்படியோ ராஜம்மாள் காதுக்கு எட்டிவிட்டது. ஏனுங்க, ஒரு ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம், யார் கண்ணிலும் படவேண்டாம் என்றார். கூடாது என்று இவர் இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் நாள் இருவரும் திருச்செங்கோட்டில் பஸ் மாறிக் குமாரபாளையம் போய் இறங்கினார்கள்.

மண்டபத்துக்கு எதிரே ஒரு பேக்கரி நிழலில் நின்றார்கள். வாசலில் கட்டியிருந்த பேனரில் ஜீவானந்தம் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே மேளம் கேட்டது. முகூர்த்தம் முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் போகலாம் என்று திரும்பினார்கள். அப்போது யாரையோ வழியனுப்ப வெளியே வந்த ஜீவானந்தத்தின் அம்மா வசந்தாமணி அவர்களைப் பார்த்துவிட்டார். ரோட்டைக் கடந்து ஓடி வந்து ராஜம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“உள்ள வாங்கன்னு கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லீங்க சம்பந்தி. ஒரு வாய் சாப்பிட்டாவது போங்க. வெறும் வயித்தோட போனா எனக்கு ஆறாது.”

ராஜம்மாள் வேண்டாம் என்றுதான் சொன்னார். வசந்தாமணி கையை விடவில்லை. மேடைப் பக்கம் போகாமல், சமையல்கட்டை ஒட்டிய வழியாகச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்தார். உட்கார வைத்த கையோடு அவரை யாரோ மேடைக்கு அழைத்தார்கள். போய்விட்டார்.

இலை போட்டார்கள். பரிமாற வந்த ஒருவர், விருந்தாளிகளை நன்றாகக் கவனிக்க வேண்டும் என்ற அக்கறையில், குனிந்து கேட்டார்.

“நீங்க மாப்ள ஊடுங்களா, பொண்ணு ஊடுங்களா?”

தண்டாயுதபாணிக்குக் கை இலையிலேயே நின்றுவிட்டது. அவர் ராஜம்மாளைப் பார்த்தார்.

“மாப்ள ஊடுதானுங்க,” என்றார் ராஜம்மாள். 

அப்படியானால் இன்னும் ஒரு கரண்டி என்று பரிமாறியவர் இனிப்பை அள்ளி வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார். ராஜம்மாள் குனிந்த தலை நிமிராமல் இலையில் வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். கண்ணீர் சோற்றில் விழுந்தது. துடைக்கவில்லை. தண்டாயுதபாணியால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஆனாலும் பாதியில் எழுந்தால் நல்ல காரியத்துக்கு ஆகாது என்று பந்தி முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

வந்த வழியாகவே வெளியே வந்தார்கள். மேடைப் பக்கம் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டு கொஞ்ச தூரம். ஆட்டோ பிடிக்கட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம், நடக்கலாம் என்றார் ராஜம்மாள். மனைவிக்கு மூட்டுவலி என்பதால் தண்டாயுதபாணி அவர் நடைக்குத் தக்கபடி மெதுவாகவே வந்தார்.